ரிவர்ஸில் மட்டும் சத்தம் இல்லை: 1986 போர்ஷே 944இன் ஆக்சில் ஜாயின்ட்டுகளைக் கழற்றிய கதை

சத்தத்தை முதலில் கேட்டது ஜெர்மனியின் ஹைல்ப்ரான் நகரத்தை ஒட்டிய வார்ட்பெர்க் குன்றில். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஏறும் ஒடுக்கமான சாலை, ஒரு பக்கம் கல் சுவர். ஜன்னலை இறக்கிவிட்டு இரண்டாவது கியரில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தேன். சுவரில் பட்டுத் திரும்பி வந்தது: டிக், டிக், டிக். பல்லி கத்துவதுபோல, ஆனால் தாளம் தப்பாமல். ஆக்ஸிலேட்டரை விட்டால் நின்றது. மிதித்தால் மறுபடி வந்தது. சுவர் இல்லாத திறந்த சாலையில் காதைத் தீட்டிக்கொண்டாலும் கேட்கவில்லை. எத்தனை மாதமாக இருந்ததோ, சுவர்தான் காட்டிக்கொடுத்தது.

வண்டி 1986ஆம் ஆண்டு போர்ஷே 944. 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாதது, மேனுவல் கியர். போர்ஷே என்றால் எல்லோருக்கும் ஸ்டுட்கார்ட் ஞாபகம் வரும். இந்த மாடலைச் செய்தது என் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய நெக்கார்ஸுல்ம் அவுடி தொழிற்சாலையில். எங்கெங்கோ கை மாறி, கடைசியில் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 30 வயது தாண்டிய வண்டி என்பதால் நம்பர் பிளேட்டின் கடைசியில் பழங்கால வண்டி என்பதைக் குறிக்கும் 'ஹெச்' எழுத்தும் உண்டு. அந்த எழுத்து வரியைக் குறைக்கும், தேய்மானத்தைக் குறைக்காது.

இதன் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் சொல்வது புரியாது. எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். இரண்டையும் நடுவில் ஒரு நீண்ட குழாய் இணைக்கிறது. அதற்குள் ஒரு தண்டு எஞ்சின் வேகத்திலேயே சுழலும். சக்தியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரென்ஷியலும் கியர்பாக்ஸுக்குள்ளேயே அடக்கம். அங்கிருந்து இடம், வலம் என்று இரண்டு ஆக்சில் ஷாஃப்ட்டுகள் பின் சக்கரங்களுக்குப் போகின்றன. ஒவ்வொன்றிலும் கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று, சக்கரத்தின் பக்கம் ஒன்று என இரண்டு சி.வி. ஜாயின்ட், அதாவது ஷாஃப்ட் மடங்கி நின்றாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு. ஆக மொத்தம் நான்கு.

டிக் டிக் என்றதும் சி.வி. ஜாயின்ட் என்றுதான் எனக்கும் தோன்றியது. கோயம்புத்தூரில் அப்பா வைத்திருந்த மாருதி 800இல் இதே சத்தம் வரும். ஒர்க்‌ஷாப்காரர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, வட்டமடித்துக் காட்டி, "ஜாயின்ட் போச்சுங்" என்பார். நானும் அதேபோல ஒரு சூப்பர் மார்க்கெட்டின் காலி பார்க்கிங்கில் ஞாயிற்றுக்கிழமை காலை போய் வட்டமடித்தேன். இடமாகப் பத்து, வலமாகப் பத்து. ஒரு சத்தமும் இல்லை. சரி, ஜாயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டி, கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்டை மாற்றினேன். மாற்ற வேண்டிய நிலையில்தான் அதுவும் இருந்தது. ஆனால் சத்தம் அப்படியே இருந்தது.

தப்பு எங்கே என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. மாருதியில் எஞ்சின் இழுப்பது முன் சக்கரத்தை. ஸ்டியரிங்கை ஒடித்தால் ஜாயின்ட்டும் சேர்ந்து ஒடிகிறது, அதனால் தேய்ந்த இடம் கத்துகிறது. 944இல் இழுப்பது பின் சக்கரம். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் பின் சக்கரம் திரும்பப்போவதில்லை. ஜாயின்ட்டின் கோணமும் மாறப்போவதில்லை. அந்தப் பத்துப் பத்து வட்டத்தில் நான் சோதித்தது என் தலைச்சுற்றலை மட்டும்தான்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் குடியிருப்பில் மேல் மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை. எண்பதுகளில் ஜெர்மனிக்கு வந்தவர், வந்த நாளிலிருந்து சொந்த வண்டியை அடுத்தவர் கையில் கொடுத்ததே இல்லை. கதையைக் கேட்டுவிட்டு, "அதே ஏத்தத்தில ரிவர்ஸில ஏறிப் பாரும் தம்பி. அப்பவும் சத்தம் வருதோ எண்டு சொல்லும்" என்றார்.

"ரிவர்ஸ்லயா? எதுக்குங்கண்ணா?"

"முதல்ல பாரும், பிறகு கதைப்பம்."

இரவு பத்து மணிக்கு மேல் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அதே சுவரோரம் ரிவர்ஸில் ஏறினேன். சுத்தமாகச் சத்தம் இல்லை. முன் கியரில் அதே இடத்தில் ஏறினால் டிக், டிக். இன்னொன்றையும் பார்த்தேன். 20 கிலோமீட்டர் வேகத்தில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் எண்ணினேன். இரண்டிலும் விநாடிக்கு மூன்று டிக்குக்குக் கொஞ்சம் குறைவு. என் டயர் 195/65 ஆர் 15, சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 20 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஐந்தரை மீட்டர் சொச்சம். அதாவது சக்கரம் விநாடிக்கு 2.8 சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு டிக். கியரை மாற்றினால் எஞ்சினும் அந்த நடுத்தண்டும் சுழலும் வேகம் மாறும்; டிக்கின் வேகம் மாறவில்லை. அப்படியானால் எஞ்சின், கிளட்ச், நடுத்தண்டு எல்லாம் குற்றவாளிப் பட்டியலிலிருந்து போய்விட்டன. (944இன் பழைய கிளட்ச் தட்டின் நடுவில் ரப்பர் உண்டு, அது சிதைந்தாலும் மிதிக்கும்போது சத்தம் வரும். அதற்காகக் கிளட்ச்சைக் கழற்றத் துணிந்தால் நடுக்குழாய்வரை கழற்ற வேண்டும். என் பர்ஸ் தப்பித்தது.) சக்கர பேரிங் தேய்ந்தால் வருவது ஊளை, டிக் வராது. மிச்சம் இருப்பது ஆக்சில் ஷாஃப்ட் மட்டும்.

ரிவர்ஸில் ஏன் சத்தம் இல்லை என்பதற்கு ஜாயின்ட்டின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஷாஃப்ட்டின் பல்லில் உட்காரும் நட்சத்திர வடிவக் குமிழ் ஒன்று, அதைச் சுற்றி வெளி வளையம் ஒன்று, இரண்டிலும் ஆறாறு பள்ளங்கள், பள்ளத்துக்கு ஒன்றாக ஆறு எஃகுக் குண்டுகள், அவற்றை ஒரே தளத்தில் பிடித்து வைக்கும் கூண்டு. முன்னால் போகும்போது குண்டு பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரைத் தள்ளுகிறது. ரிவர்ஸில் எதிர்ச் சுவரைத் தள்ளுகிறது. வண்டி தன் வாழ்நாளில் ரிவர்ஸில் ஓடியது எவ்வளவு இருக்கும்? ஒரு சுவர் லட்சக்கணக்கான கிலோமீட்டர் அடி வாங்கியிருக்கிறது, எதிர்ச் சுவர் ஏறக்குறைய புதுசு. அண்ணை கேட்கச் சொன்னது அதைத்தான்.

இங்கே 'மீட்வெர்க்‌ஷ்டாட்' என்று உண்டு. மணிக் கணக்கில் வாடகை கொடுத்தால் வண்டி தூக்கும் லிஃப்ட்டும் கருவிகளும் நம் கைக்கு வரும், வேலை நம்முடையது. அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் முற்றத்தில் எண்ணெய்ச் சொட்டைக் கண்டால் கடிதம் எழுதுவார்கள் என்பதால் என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் கோயில். ஒரு சனிக்கிழமை காலை அண்ணையும் நானும் போனோம்.

லிஃப்ட்டில் ஏற்றியவுடனே பாதி பதில் கண்ணில் பட்டது. இடப்பக்கம், சக்கரத்தை ஒட்டிய ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறையில் ('பூட்' என்பார்கள்) மடிப்பின் அடியில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். அதற்கு நேர் எதிரே சஸ்பென்ஷன் கையின் மேல் கறுப்பாக ஒரு கிரீஸ் கோடு. சுழற்சியில் வெளியே வீசப்பட்ட கிரீஸ் எப்போதும் இப்படி ஒரே கோடாகத்தான் விழும். எண்ணெய்க் கசிவு என்றால் வழிந்து கீழே போகும். மற்ற மூன்று பூட்டுகளும் முழுசாக இருந்தன, ஆனால் மடிப்பை விரித்தால் வெயிலில் காய்ந்த சேறுபோல வெடிப்பு.

எஞ்சினை ஓடவிட்டு, சக்கரத்தை அந்தரத்தில் சுற்றவிட்டுச் சத்தம் கேட்கலாமா என்றேன். அண்ணை வேண்டாம் என்று தலையசைத்தார். சக்கரம் தொங்கும்போது ஷாஃப்ட் வழக்கத்தைவிட அதிகமாக மடங்கி நிற்கும்; நல்ல ஜாயின்ட்கூட முனகும், அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. கையாலேயே பார்த்தோம். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஷாஃப்ட்டை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் முறுக்கினோம். ஒரு விரலை ஷாஃப்ட்டிலும் இன்னொரு விரலை ஜாயின்ட்டின் வெளி வளையத்திலும் வைத்தால், ஷாஃப்ட் அசைந்து வளையம் அசையாத அந்த இடைவெளி விரலுக்குத் தெரியும். இடது வெளி ஜாயின்ட்டில் அது 'டொக்' என்று காதுக்கே கேட்டது. மற்ற மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம்.

கழற்றுவதில் பெரிய வித்தை இல்லை, பொறுமை வேண்டும். ஒரு ஜாயின்ட்டுக்கு ஆறு ஆலன் போல்ட், இரண்டிரண்டுக்கு ஒரு தகடு. நாலு ஜாயின்ட்டுக்கு 24 போல்ட். போல்ட் தலையின் குழிக்குள் பல வருட மண்ணும் கிரீஸும் கல்லாக இறுகிக் கிடக்கும். அதைக் குத்தி எடுத்து, பிரேக் கிளீனர் அடித்து, பிட்டைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி அடிவரை உட்காரவைத்த பிறகுதான் திருப்ப வேண்டும். பாதி உட்கார்ந்த பிட்டோடு பலம் காட்டினால் குழி வட்டமாகிவிடும். அப்புறம் அந்த ஒரு போல்ட்டுக்கு அரை நாள். 23 போல்ட் மரியாதையாக வந்தன. ஒன்றுக்கு மட்டும் மேலே வேறு ஒரு சாக்கெட்டை அடித்து இறக்க வேண்டியிருந்தது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே தேவையில்லை என்பது இந்த அமைப்பின் புண்ணியம்.

ஷாஃப்ட் இல்லாமலும் வண்டி உருளும் என்பதால், லிஃப்ட் வாடகையை மிச்சம் பிடிக்க, வண்டியை இறக்கித் தள்ளிக்கொண்டுபோய் ஓரமாக நிறுத்தினோம். கியரில் போட்டுவிட்டு இறங்கப் போனேன். அண்ணை சிரித்துக்கொண்டே ஒரு கட்டையை எடுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தார். ஷாஃப்ட்டே இல்லாதபோது கியர் எதைப் பிடிக்கும்!

வீட்டு பால்கனியில் பிரித்து மேய்ந்தேன். ஜாயின்ட் நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப் என்ற வளையத்தை எடுத்தபின் ஜாயின்ட்டை ஷாஃப்ட்டின் பல்லிலிருந்து தள்ள வேண்டும். அதற்கு ஒர்க்‌ஷாப்பிலேயே பிரஸ்ஸில் வைத்து, நடுக் குமிழில் மட்டும் அழுத்தம் விழும்படி தள்ளி எடுத்து வந்திருந்தேன். வெளி வளையத்தில் அடித்தால் அந்த அடியைக் குண்டுகள்தான் வாங்கும். உள்ளே குழிவான வாஷர் ஒன்று உண்டு. அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜாயின்ட்டின் குண்டுகளை இன்னொன்றோடு கலக்கவே கூடாது. ஊரிலிருந்து கொண்டுவந்து ஓரங்கட்டப்பட்ட ஏழு குழிப் பணியாரச் சட்டி ஒன்று வீட்டில் இருந்தது. சுற்றி ஆறு குழியில் ஆறு குண்டு, நடுக் குழியில் சர்க்ளிப். இதற்கென்றே வார்த்ததுபோல இருந்தது. அந்தச் சட்டி இனி சமையலறைக்குள் வரக்கூடாது என்று தீர்ப்பும் அன்றே வந்தது.

இந்த இடத்தில்தான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். குமிழும் வளையமும் எந்தப் பள்ளத்துக்கு எந்தப் பள்ளம் என்று பெயின்ட் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். அப்புறம் நாலையும் பிரேக் கிளீனரில் கழுவினேன். கழுவி முடித்துப் பார்த்தால் கிரீஸோடு சேர்ந்து கோடும் போயிருந்தது. என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நல்லவேளை, இந்த வகை ஜாயின்ட்டில் பள்ளங்கள் நேராக இல்லாமல் ஒன்று இப்படி, ஒன்று அப்படிச் சாய்ந்திருக்கும். குமிழின் பள்ளமும் வளையத்தின் பள்ளமும் கத்தரிக்கோல்போலக் குறுக்கே வெட்டும் இடத்தில் குண்டு உட்காரும். அதனால் பள்ளங்களுக்கு இடையே உள்ள மேடுகள் ஒன்று அகலம், ஒன்று குறுகல் என்று மாறி மாறி வரும். குமிழின் அகல மேடு வளையத்தின் குறுகல் மேட்டுக்கு எதிரே வந்தால்தான் ஜாயின்ட் வேலை செய்யும். மாறிப்போனால் கட்டையாக இறுகிக்கொள்ளும். அந்த விதி என்னைக் காப்பாற்றியது. பழைய ஜோடிப் பொருத்தம் அச்சு அசலாக வந்ததா என்றால், உத்தரவாதம் தர மாட்டேன். அடுத்த முறை மின்சாரப் பொறிப்புப் பேனா.

கழுவியபின் நகத்தால் தடவிப் பார்த்தேன். இடது வெளி ஜாயின்ட்டில் பள்ளத்தின் ஒரு சுவரில் அம்மைத் தழும்புபோலக் குழிகள், நகம் மாட்டிக்கொண்டு நின்றது. ஒரு குண்டின் தோலும் உரிந்திருந்தது. கிழிசல் வழியே போன மண்ணும் தண்ணீரும் செய்த வேலை. இது குப்பைக்கு. மற்ற மூன்றிலும் அதே பக்கச் சுவரில் கண்ணாடிபோல மினுக்கம், குண்டு ஓடிய தடம் தெரிகிறது, ஆனால் நகம் வழுக்கிக்கொண்டு போனது. எதிர்ச் சுவர் நான்கிலும் புதுக் கருக்கு மாறாமல் இருந்தது.

எனவே ஒரு புது ஜாயின்ட், நாலு புதுப் பூட். மிச்ச மூன்றையும் நல்ல சுவர் சுமை தாங்கும்படி மாற்றிப் போட வேண்டும். எப்படி மாற்றுவது? ஷாஃப்ட்டை அதே பக்கத்திலேயே முன்பின்னாகத் திருப்பி, உள் முனையை வெளியே போட்டால் போதுமே என்று நினைத்தேன். வண்டியை மறுபடி லிஃப்ட்டில் ஏற்றி, போல்ட்டை மாட்டும் அளவுக்குப் போய்விட்டேன். அப்போது லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் கிடந்த கயிற்றை அண்ணை எடுத்து நீட்டினார். "இந்த முறுக்கு எந்தப் பக்கம்?" பார்த்தேன், வலம். கயிற்றை முனை மாற்றிக் காட்டினார். "இப்ப?" இப்போதும் வலம்தான். வலம்புரிச் சங்கைத் தலைகீழாகப் பிடித்தால் இடம்புரி ஆகிவிடுமா?

இடது ஷாஃப்ட்டை டிஃப்ரென்ஷியல் ஒரு முனையில் முறுக்குகிறது, சக்கரம் மறுமுனையில் எதிர்க்கிறது. அந்த முறுக்கு ஒரு புரி என்றால், முனை மாற்றிப் போட்டாலும் அதே புரிதான், அதே தேய்ந்த சுவர்தான் சுமை தாங்கும். வலது பக்கத்தில் முறுக்கு எதிர்ப்புரி. அதனால் இடது ஷாஃப்ட் வலது பக்கம் போக வேண்டும், வலது இடது பக்கம் வர வேண்டும். என் வண்டியில் இரண்டையும் டேப் வைத்து அளந்தேன், ஒரே நீளம். உங்கள் வண்டியில் நீளம் வேறாக இருந்தால் ஷாஃப்ட்டை விட்டுவிட்டு ஜாயின்ட்டுகளை மட்டும் பக்கம் மாற்றலாம், பலன் ஒன்றுதான்.

பூட்டுவது கழற்றுவதைவிட அழுக்கு வேலை. மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ், ஜாயின்ட்டுக்கு 90 கிராம் பாக்கெட் ஒன்று. பாதியைக் குண்டுகளுக்கு இடையே கட்டைவிரலால் மறுபக்கம் பிதுங்கும்வரை அழுத்த வேண்டும், மீதி பூட்டுக்குள். ஆனால் ஜாயின்ட்டும் அது போல்ட்டால் சேரும் தட்டான ஃப்ளாஞ்ச்சும் முகத்தோடு முகம் சேரும் இடத்தில் ஒரு துளி கிரீஸ்கூட இருக்கக்கூடாது. அங்கே இறுக்கிப் பிடிப்பது உராய்வு. வழுக்கினால் போல்ட்டுகள் ஒவ்வொன்றாகத் தளரும். துடைத்து, பிரேக் கிளீனர் அடித்து, மறுபடி துடைத்தேன். போல்ட்டுகளை எதிரெதிராக, 42 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்கினேன். பூட்டின் சின்ன வாய்க்குள் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை விட்டு உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றிய பிறகே பட்டையை இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட் உப்பிக்கொண்டு நிற்கும். இணையக் கடை ஒன்றில் மலிவாகக் கிடைத்த பூட்டோடு வந்த பட்டைகள் இரண்டு இறுக்கும்போதே அறுந்தன. ஒர்க்‌ஷாப் அலமாரியில் நல்லதாக வாங்கிப் போட்டேன். அதற்கே லிஃப்ட் வாடகையில் இன்னொரு அரை மணி.

100 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி அடியில் படுத்து 24 போல்ட்டையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் சரிபார்த்தேன். ஐந்து போல்ட் கொஞ்சம் நகர்ந்தன. இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு நெடுஞ்சாலையில் ஷாஃப்ட் கழன்று, கீழே இருக்கும் எல்லாவற்றையும் அடித்து நொறுக்கிய படங்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அண்ணையை ஏற்றிக்கொண்டு வார்ட்பெர்க் போனேன். ஜன்னல் இரண்டும் இறக்கி, இரண்டாவது கியர், கல் சுவர். டயர் சாலையில் உரசும் சத்தமும் எஞ்சின் சத்தமும்தான். மேலே போய், ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கியபோதும் அமைதி. அப்போது தேய்ந்த சுவர்தான் தாங்குகிறது, ஆனால் சுமை குறைவு.

திரும்பும் வழியில் அண்ணை நிறுத்தச் சொன்னார். "இப்ப ரிவர்ஸில ஏறும்."

ஏறினேன். சுவரிலிருந்து மெல்ல, மிக மெல்ல வந்தது: டிக், டிக், டிக்.

"அது கத்தட்டும்," என்றார் அண்ணை, ஜன்னலை ஏற்றிக்கொண்டே. "ரிவர்ஸில சென்னைக்கோ போகப் போறீர்?"